சாரல் வீட்டில் ஒரு சீனக் கட்டில்

குற்றாலத்தில் எங்களுக்கு வருசத்தில் ஒன்பது மாதம் மட்டுமே வீடு. வைகாசி முடிந்து மலையில் மேகம் இறங்க ஆரம்பித்ததும் வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று செருமுவார். காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம். சாரலுக்குக் குளிக்க வரும் மதுரை வக்கீல்களும் திருநெல்வேலி மிராசுதாரர்களும் அந்த இரண்டு அறைக்கு, நாங்கள் மற்ற மாதங்களில் கொடுப்பதையெல்லாம் சேர்த்தாலும் எட்டாத வாடகை கொடுப்பார்கள். அங்கே குடியிருந்த எல்லோருக்கும் இதுதான் வழக்கம். யாரும் குறையாகச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் வயிறு எரியும். அருவியில் தண்ணீர் கொட்டும் மாதங்களில் நான் இலத்தூரில் அம்மா வீட்டில் இருப்பேன். அருவி வெறும் பாறையாகத் தெரியும்போது குற்றாலத்துக்காரி ஆவேன்.

யுத்தத்துக்குச் சில வருசம் முந்திய காலம் அது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் கணவர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். ஆறு வருசம் கழித்துத் திரும்பி வந்தவர், தென்காசியில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தார். வந்தவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவார். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். தெருவில் பார்ப்பவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், "மறுபடி எப்ப கப்பலேறப் போறாக?" எனக்கும் அதே கேள்விதான். அவரிடம் கேட்கத்தான் பயம்.

பினாங்கில் ஒரு சீன முதலாளியிடம் இருந்தேன் என்பார். என்ன வேலை என்றால், "எல்லா வேலையுந்தான்" என்று முடித்துவிடுவார். ஆனால் அந்த முதலாளி வீட்டுக் கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். சுவரோரம் வரிசையாகக் கருப்பு நாற்காலிகள், முதுகில் பளிங்குக் கல், ஓரம் சுருண்ட மேசை, பூவும் பறவையும் செதுக்கிய மடக்குத் தட்டி, சிவப்புத் துணி கட்டிய விளக்குக் கூண்டு, கூரையும் மூன்று பக்கம் வேலியும் வைத்த கட்டில். நாற்காலிக் கைப்பிடியின் வழவழப்பைச் சொல்லும்போது அவர் விரல்கள் தானாகக் காற்றில் தடவும். அந்த வீட்டின்மேல் எனக்குப் பொறாமை. ஒரு பெண்பிள்ளைமேல் பொறாமைப்பட்டிருந்தால்கூட இவ்வளவு பட்டிருக்கமாட்டேன்.

ஆகவே ஒரு நாள் அவர், "அது மாதிரி நாலு சாமான் இங்கன செஞ்சு போட்டா என்ன?" என்றபோது நான் குதித்துக்கொண்டு சம்மதித்தேன். என் கணக்கு எளிது. அந்த வீடு இங்கேயே வந்துவிட்டால் அவர் அங்கே போக வேண்டியதில்லை. ஈட்டி மரத்தில் இவ்வளவு பாரத்தைச் செய்து மாடியில் ஏற்றிய மனுசன் எதற்காகக் கப்பலேறப் போகிறான்?

இலத்தூரிலிருந்து ஆசாரி வந்தார். பார்த்தறியாத சாமானை வாய்ச்சொல்லை நம்பிச் செய்ய வேண்டும். என் கணவர் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். நாற்காலி முதுகில் வைக்கச் சொன்ன சீனப் பாம்புக்கு நாலு காலும் மீசையும் உண்டு என்றதும் ஆசாரி கொஞ்ச நேரம் யோசித்தார். "பாம்புக்கு மீசையா? சரி, செஞ்சிருதேன்" என்று போனவர், கோயில் தூணிலிருந்து இறங்கி வந்த யாளியைச் செதுக்கிக் கொண்டுவந்தார். என் கணவர் தலையில் கை வைத்தார். எனக்கு யாளி பிடித்துத்தான் இருந்தது. அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. "புருசனும் பொண்டாட்டியும் வாழுத வீட்டுல கருகருன்னு எதுக்கு? எழவு வீடு மாதிரி" என்று சொல்லி, தரையிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

கடையநல்லூர்த் தறியில் சிவப்புத் துணி வாங்கி விளக்குக் கூண்டு கட்டினோம். ஜன்னலுக்கும் அதே துணி. குரங்கு ஒன்று கை விட்டு ஒரு முழத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அறைகளோ சின்னவை. நாற்காலி இரண்டு, மேசை, தட்டி, எல்லாம் வந்த பிறகு ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். அதற்குள்ளும் அவர் வாரத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் இடம் மாற்றினார். மேசை கிழக்குச் சுவருக்குப் போகும், நாற்காலி ஜன்னலை மறைக்கும், தட்டி அடுக்களையை மறைக்கும். தள்ளி நின்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி இழுப்பார். நாற்காலியில் உட்காருங்களேன் என்றால் விளிம்பில் ஒரு நிமிசம் இருந்துவிட்டு எழுந்துவிடுவார். நான்தான் சம்மணம் போட்டு ஏறி உட்கார்ந்து அரிசி பொறுக்கினேன்.

கடைசியாகக் கட்டில். மாடிப்படி குறுகல் என்பதால் மரத்தைத் துண்டு துண்டாக ஏற்றி அறைக்குள்ளேயே செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு இரும்பாணி கூடாது, மரமுளையைத் தட்டினால் மொத்தமும் கழன்று வர வேண்டும் என்றார் என் கணவர். எனக்குச் சுருக்கென்றது.

"கழத்துறதுக்கு என்ன அவசரம்?" என்றேன்.

"சாரலுக்குக் காலி பண்ணணும்லா. உங்கம்மா வீட்டுலயும் உனக்குன்னு ஒரு மூலை வேணும்லா."

நான் நம்பவில்லை. கழற்றுகிற கட்டில் என்றால் கிளம்புகிற மனசு என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் அவர் தென்காசிக்குச் சைக்கிளை மிதித்த பிறகு ஆசாரி அளவுக்கோலை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். கட்டில், கதவு, நிலை எதுவானாலும் நீளத்துக்கு ஒரு பலன் உண்டு என்பது எங்கள் பக்கத்து ஆசாரிமார் வழக்கம்.

"தாயி, ஐயா சொன்ன நீளம் சரியில்ல. இந்த அளவுல படுத்தா ஆம்பிள வீடு தங்கமாட்டான்."

நான் கிட்டே போய்க் கேட்டேன். "தங்குத அளவு எது?"

"நாலு விரக்கடை கூட்டணும்."

"கூட்டும் ஆசாரியாரே. முளைக்கெல்லாம் வச்சிரப் பசை ஊத்தி இறுக்கும். எவன் வந்தாலும் கழத்தக் கூடாது."

சாயங்காலம் வந்து பார்த்த என் கணவர் சத்தம் போட்டார். சீன ஆசாரிக்கும் அளவுக்கோல் உண்டு, அதிலும் நல்லது கெட்டது பார்த்துத்தான் வெட்டுகிறான், அவன் அளவைக் கெடுத்துவிட்டாயே என்றார். "சீனனுக்குச் சீன அளவு. எனக்கு எங்கூரு அளவு" என்றேன். நாலு விரற்கடை கூடியதில் அறைக் கதவின் ஒரு பக்கம் திறக்கவில்லை. மற்றொரு பக்கத்தின் வழியாக உடம்பைச் சுருக்கிக்கொண்டு போய் வந்தோம். ஆனாலும் அந்த மாசிமாதக் குளிரில், கூரை வைத்த அந்தக் கருப்புக் கட்டிலுக்குள் படுத்துக்கொண்டு, மூன்று பக்கமும் வேலி இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து நான் தூங்கினேன். அவர் தூங்கவில்லை. எழுந்து போய் ஜன்னலில் நின்றார்.

சாரல் வந்தது. சொந்தக்காரர் செருமினார். நாற்காலியும் மேசையும் தட்டியும் மாட்டு வண்டியில் ஏறின. கட்டில் ஏறவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கதவைத் தாண்டவே இல்லை. "கெடக்கட்டும் தங்கச்சி, அது ஒங்க கட்டில்தான, யாரு தின்னுருவா?" என்றார் சொந்தக்காரர். எனக்கும் உள்ளூரச் சந்தோசம். கட்டில் அங்கே இருந்தால் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்.

புரட்டாசியில் வண்டியோடு திரும்பிப் போனோம். சொந்தக்காரர் படியை மறித்துக்கொண்டு நின்றார். சாரலுக்கு வந்த மிராசுதாரருக்குக் கட்டில் மிகவும் பிடித்துவிட்டதாம். எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாமே என்று வருசம் பூராவுக்கும் மாடியைப் பேசி முடித்துவிட்டாராம்.

"அண்ணாச்சி, அது என் கட்டில்."

"யாரு இல்லன்னா? எடுத்துட்டுப் போ தங்கச்சி. கதவு வழியா வருதான்னு பாரு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வழி விட்டார். நான் படியில் இரண்டு எட்டு ஏறிவிட்டு இறங்கினேன். என் கணவரை இருத்தி வைக்க இறுக்கிய கட்டில் என் வீட்டைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. வழி நெடுக அழுதேன். என் கணவர் வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்தே வந்தார்.

இலத்தூரில் அம்மாவின் நெல் அறையில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் போட்டோம். மாமியார் வீட்டில் தங்கிய மாப்பிள்ளை என்ற பேர் அவருக்கு முள்ளாகக் குத்தியது. அம்மாவின் பானை வரிசையைக்கூட இடம் மாற்ற ஆரம்பித்தார். அம்மா மாற்றி வைப்பாள், அவர் மறுபடி மாற்றுவார். அந்த வாரத்தில்தான் கடையநல்லூர்க்காரர் ஒருவர் பினாங்குக்குப் போகிறார், துணைக்கு ஆள் கேட்கிறார் என்ற பேச்சு வந்தது. என் கணவர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசலுக்கும் நெல் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு நாள் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"கப்பலுக்கு எனக்கும் சேத்துச் சொல்லுங்க. நானும் வாரேன்."

"எங்கன?"

"பினாங்குக்கு. நீங்க இருந்த வீட்டுக்கு. கருப்பு நாற்காலி வீட்டுக்கு."

அவர் நடை நின்றது.

"அங்கன நான் இருக்கலட்டி" என்றார். "தொடச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"காலையில ஈரத்துணி, பொறவு காஞ்ச துணி. ஒவ்வொரு பூவுக்குள்ளயும் விரல விட்டுத் தொடைக்கணும். முடிஞ்சதும் பின்வாசல் வழியா வெளிய போயிரணும். படுக்கது சரக்குக் கிட்டங்கியில. பலகைக்கு மேல பலகை அடிச்சு, ஆளுக்கு ஒரு பலகை. அதுல உன்ன எங்கன வைப்பேன்?"

"ஒரு நாளாவது அந்த நாற்காலியில இருந்தியளா?"

"மொதலாளி நாற்காலியில எவன் இருப்பான்?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஆறு வருசம் இந்த ஊரில் படுத்துக்கொண்டு எந்த வீட்டை நினைத்து நான் வெந்துபோனேனோ, அந்த வீட்டில் அவரும் இருந்ததில்லை. அதைச் சொல்லியிருந்தால் என்ன? முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

"இப்பவும் போணுமா?"

"அங்கன என்ன இருக்கு" என்றார். பிறகு, "இங்கனயும் என்னட்டி இருக்கு?"

"இங்கன நான் இருக்கேன்!" என்றேன். கத்தித்தான் சொன்னேன். அடுக்களையில் அம்மா கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.