ஏணியை எடுக்காதீங்க

இது கட்டுக்கதை இல்லை. மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊரில், செல்லையா வீட்டில் நடந்தது. நம்பாதவன் நம்ப வேண்டாம். அந்தக் கூரை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

செல்லையா எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். பெற்ற பிள்ளையே வந்தாலும் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அப்பேர்ப்பட்டவரையே ஒரு கொன்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டான். முன்பணம் வாங்கினான், பாதிக் கூரையைப் பிரித்தான், போனவன் போனவன்தான். மழை வீட்டுக்குள் பெய்தது. மனைவி வேலம்மாவுக்கு இளைப்பு நோய். இந்த ஈரத்திலேயே கிடந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்தவன் சுகுமாறன். விலை குறைவு. முன்பணமும் கேட்கவில்லை.

"வேலய பாத்துட்டுக் குடுங்கய்யா. ஒண்ணு மட்டும். சாயங்காலம் நாங்க போனப்புறம் ஏணிய எடுக்காதீங்க. சுவத்துலயே இருக்கட்டும்."

"ஏன்? ராத்திரி வந்து தகரத்தத் தூக்கிட்டுப் போவவா?"

சுகுமாறன் சிரிக்கவில்லை.

முதல் நாள் வேலை சுத்தம். அதுவே செல்லையாவுக்குச் சந்தேகம். இந்த விலைக்கு இப்படி ஒரு வேலையா? ஏணி நம்மிடம் இருந்தால் நாளைக்கு வந்துதானே ஆக வேண்டும்? சுகுமாறனும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் லோரியில் ஏறிப் போவதைப் பார்த்தார். ஏணியை ஸ்டோரில் போட்டுப் பூட்டினார். சாவி மடியில்.

விளக்கு வைக்கும் நேரம். தூறல் ஆரம்பித்தது.

டக்... டக்... டக்...

கூரையில் ஆணி அடிக்கும் சத்தம்.

"ஏங்க, ஆள விட்டுட்டுப் போயிட்டானுங்களா?" என்றாள் வேலம்மா.

"மூணு பேரு வந்தானுங்க, மூணு பேரும் போயிட்டானுங்க. நாந்தான் பாத்தேனே."

சத்தம் நின்றது. பிறகு யாரோ நடக்கும் சத்தம். வெறுங்கால். ஏணி சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது.

"ஐயா... ஏணிய வைங்க."

பொறுமையான குரல்.

"திருட வந்தவனுக்கு ஏணி வேறயா? ஏறுன மாதிரியே எறங்கு லா."

"பாவங்க, மழ வருது..." என்றாள் வேலம்மா.

"நீ சும்மா இரு."

டார்ச்சோடு வெளியே போனார். மேலே அடித்துப் பார்த்தார்.

யாரும் இல்லை.

ஆனால் தகரம்... அழுந்தியது.

ஓர் அடி.

இன்னோர் அடி.

ஓரத்தை நோக்கி.

"ஐயா... ஏணி."

ஸ்டோருக்கு ஓடினார். பூட்டைத் திறப்பதற்குள்...

சர்ர்ர்...

தொம்.

திரும்பி ஓடிவந்து பார்த்தார். தரையில் ஒன்றுமில்லை. சேற்றில் ஒரு தடம்கூட இல்லை.

மேலே மறுபடியும்...

டக்... டக்...

காலையில் சுகுமாறன் வெறும் சுவரைப் பார்த்தான்.

"எடுத்துட்டீங்களா?"

செல்லையா மடியிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்து நீட்டினார்.

"சுங்கை சோவுல ஒரு வீடு. வேலய முடிக்காம ஓடிருவோம்னு வீட்டுக்காரரு ஏணிய எடுத்து வச்சிட்டாரு. எங்கண்ணன் தேவன் மேல இருந்தது அவருக்குத் தெரியல. மழ... வழுக்கி விழுந்து செத்துட்டாரு. அப்பலேருந்து எந்த வீட்டுலயும் ஏணிய எடுக்க விட்டதில்ல. ஏணி இருந்தா, அவரும் எங்களோட எறங்கிடுவாரு."

"இப்ப?"

சுகுமாறன் கூரையைப் பார்த்தான்.

வேலையை முடித்துவிட்டுப் போனான். இப்போது ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை. வேலம்மா நன்றாக மூச்சு விடுகிறாள். செல்லையா சொந்தமாக ஓர் ஏணி வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். சங்கிலிகூடப் போடவில்லை.

தூறல் விழும்போதெல்லாம்... டக்... டக்...

இன்னும் யாரும் இறங்கவில்லை.