வில்வ மரத்து முடிச்சுகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் வேன் எடுத்துக்கொண்டு உழவாரத்துக்குப் போவார்கள். கவனிப்பாரில்லாமல் கிடக்கிற ஏதாவது ஒரு சிவன் கோயிலை விசாரித்து வைத்திருப்பார்கள். அங்கே போய்ச் சுவரில் முளைத்த செடியைப் பிடுங்கி, பிராகாரத்து முள்ளை வெட்டி, கல்லைக் கழுவி, விளக்கேற்றி, பதிகம் பாடிவிட்டு வருவார்கள். பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். என் மகளும் அதில் சேர்ந்தாள். "வயசுப் பொண்ணைத் தனியா அனுப்ப முடியாது, நீயும் கூடப் போ" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து வர எனக்குப் பிடிக்கவில்லை. சமையல் என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். சிவனடியாருக்குச் சோறு போடுகிற புண்ணியம் வீட்டை விட்டுக் கிளம்பாமல் கிடைக்குமா?

அந்த ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்த மாதிரி நாளில் தெருவில் நூலை நீட்டிப் பாவு விரிக்க முடியாது. பட்டு ஈரம் குடித்துவிடும். அதனால் தறிக்காரப் பிள்ளைகளுக்கு வேலை கம்மி, வேன் நிறைந்துவிட்டது. போகிற இடம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மலை, அருவி என்று கேட்டதும் எப்போதும் வராத பிள்ளைகள்கூட வந்து ஏறிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணுகிறவன் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையன். கழுத்தில் ருத்திராட்சம், காதில் புளூடூத். அவனை எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"லீடர், வேலை முடிஞ்சா ஃபால்ஸுக்குப் போலாம்னியே, கன்ஃபார்மா?"

"சாயந்தரத்துக்குள்ள முடிச்சா ஃபால்ஸ். முடிக்கலன்னா வேன்லயே உன் தலைல ஒரு குடம் ஊத்தறேன், கண்ண மூடிக்கினு ஃபால்ஸுன்னு நெனச்சுக்கோ."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சாமி பாட்டுப் போட்டா எனக்குத் தூக்கம் வருது, குத்துப் பாட்டுப் போட்டா கால் ஆடுது. ரெண்டுல எதுப்பா சேஃப்டி?"

வழியில் தாமல் ஏரி நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. தண்ணீருக்குள் இருந்த கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது, ஒவ்வொன்றின் மேலும் கொக்கு. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார்கள். ஆற்காடு தாண்டி ஆரணிப் பக்கம் திரும்பியதும் எங்கே பார்த்தாலும் பச்சை. நட்டு முடித்த வயல் தண்ணீரில் வானம் கிடந்தது. நிலக்கடலைக் கொல்லை, கரும்பு, நடுநடுவே கல்லைக் குவித்து வைத்த மாதிரிக் குன்றுகள். போளூர் போனதும் மலை வந்துவிட்டது. பாதி மலைக்கு மேலே மேகம் உட்கார்ந்திருந்தது. அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் மலைப் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோயிலுக்குள் போகிறதுக்கு முன்னாலேயே சாமி வெளியே வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கோயில் சின்னது. ஒரு கருவறை, முன்னால் நந்தி, இடிந்த மதில், பின்னால் ஒரு பெரிய வில்வ மரம். பூசை பண்ணுகிறவர் பிரதோஷத்துக்கு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து வருவாராம். சாவியைக் கொடுத்தனுப்பி, "நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். நான் மதிலோரத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். பிள்ளைகள் அரிவாளும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதலில் தல மரத்தைத்தான் பார்ப்பார்கள். மரத்தில் ஆணி அடித்திருந்தால் பிடுங்குவார்கள், கயிறும் துணியும் கட்டியிருந்தால் எடுத்துவிடுவார்கள். கட்டு இறுகினால் பட்டை அறுந்து கிளை காய்ந்துபோகும். எங்கள் ஊர்ப் பெரிய கோயில்களில் மரத்தில் எதையும் கட்டாதீர்கள் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். மரத்தை விடுவிப்பது முதல் தொண்டு என்று லீடர் சொல்லுவான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த வில்வத்தில் தாழ்ந்த கிளைகள் முழுக்க வெளுத்துப்போன கந்தல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டில் பொம்மை மாதிரி ஏதாவது இருந்திருந்தால் யோசித்திருப்போம். இது காற்றில் பறந்து வந்து மாட்டின குப்பை மாதிரிதான் இருந்தது. என் மகளும் இன்னும் இரண்டு பெண்களும் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அருவிக்குப் போகிற அவசரம் வேறு. அரிவாளால் சரக்சரக்கென்று அறுத்து, வெட்டின முள்ளோடு சேர்த்துப் பின்பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். மேலே நெருப்பும் வைத்தாயிற்று. ஈர முள், எரியவில்லை. புகைதான் வந்தது.

சோறு வடிக்கிற நேரத்துக்கு ஒரு இளம்பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, மறு கையில் ஒரு தூக்கு மோர்.

"கோயிலைச் சுத்தம் பண்றீங்கன்னு சொன்னாங்கக்கா. வெயில்ல நிக்கறீங்களே, குடிங்க."

"எங்கம்மா வெயிலு, மூட்டமா இல்ல இருக்குது" என்றேன். சிரித்தாள். குழந்தையைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். நல்ல கனமான பையன். நழுவ நழுவ அவனை ஏற்றிவிட்டுக்கொண்டே நின்றாள்.

"தூளியில போட்டுட்டு வரக்கூடாதா? மழை நாள்ல தூக்கிக்கினு வரியே."

"இன்னும் தூளி கட்டலக்கா. பொறந்ததுலேர்ந்து கையும் மடியும்தான். வேண்டுதல் இருக்குது." அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "எங்க ஊர்ல புள்ள இல்லாதவங்க இந்த மரத்துல துணியில ஒரு கல்லு வச்சுத் தூளி மாதிரி கட்டுவோம். புள்ள பொறந்தா கட்டினவளே வந்து அவுக்கணும். அதை அவுத்தாத்தான் வீட்ல தூளி. அறுவடை, மழை, எங்க மாமனாருக்கு முடியாமப்போச்சு, தள்ளிக்கினே போய்டுச்சு. நாளைக்கு சோமவாரம். நாளைக்கு அவுத்துடலாம்னு எங்க அத்தை சொல்லிட்டாங்க."

நான் திரும்பி மரத்தைப் பார்த்தேன். மரம் சுத்தமாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவளும் திரும்பினாள். கிளை கிளையாகப் பார்த்தாள். பிறகு, "எங்கக்கா எல்லாம்?" என்று கேட்டாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டாள்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்துக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் பிள்ளைகள் சமையல் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றினார்கள். முள்ளுக்குள் கையை விட்டுத் துணிகளை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கூழாங்கல் மடித்து வைத்திருந்தது. இத்தனை பெண்களா என்று எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். சிலது கருகியிருந்தது. லீடர் காலையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான், எது எந்தக் கிளை என்று தெரியுமா என்று. மரத்துக்கு முன்னால் அவன் முகம்தான் பெரிதாக இருந்தது.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, அந்தப் பெண்ணின் மாமியார் வந்துவிட்டார். மெலிந்த அம்மா, நெற்றி நிறையத் திருநீறு. மரத்தைச் சுற்றி வந்தார்.

"எந்த ஊரு நீங்கல்லாம்?"

"காஞ்சிபுரம்மா" என்றான் லீடர்.

"அங்க தெருவுக்கு ஒரு கோயிலு இருக்குதே. அதெல்லாம் பெருக்கி முடிச்சிட்டீங்களா?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. துணி கட்டினா பட்டை அறுத்துக்கும், மரத்துக்குக் கெடுதல்னு... எங்க ஊர்ல போர்டு வச்சிருக்காங்க."

"எங்க மரத்துக்குப் போர்டு இல்லப்பா. அதுக்குப் படிக்கவும் வராது."

வேறு சமயமாக இருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.  என் மகள் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா மருமகளைப் பார்த்து, "பாத்தியா, நாளைக்கு நாளைக்குன்னு நானும் தள்ளினேன்" என்றார். பிறகு அடங்கின குரலில், "இனி புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் ஊரு இதத்தான் சொல்லும்" என்றார். அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். எத்தனை வருஷம் அவளை ஊர் என்னென்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பிள்ளை தங்காத வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது எந்த ஊரிலும் ஒன்றுதான். இப்போது எங்களால் மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறது.

அவள்தான் முதலில் மரத்துக்குக் கிட்டே போனாள். கிளையைப் பிடித்து வளைத்தாள். "அத்தை, முடிச்சு இருக்குது."

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். அரிவாள் தொங்கின துணியைத்தான் அறுத்திருந்தது. முடிச்சுகள் அந்தந்தக் கிளையில் இறுகிப்போய் அப்படியே இருந்தன. அவளுடையது தெற்குப் பக்கத்துக் கிளையில், முள்ளுக்கு நடுவே, நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி.

"எம் புள்ள லுங்கிதான்" என்று அந்த அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். "புதுசு. தேடிக்கினே இருந்தான்."

"முடிச்ச அவுத்தாப் போதுமா அத்தை?"

அந்த அம்மா கருவறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். "கட்டினது முடிச்சு. அவுக்கறதும் அதைத்தான். துணி மழையில மக்கி விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? அவுத்துப் பாரு. இன்னைக்கே அவுரு. நாளைக்குன்னு வேணாம்."

குழந்தையை என்னிடம் கொடுத்தாள். ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு முடிச்சில் நகத்தை வைத்தாள். வருஷக்கணக்கில் வெயிலும் மழையும் குடித்த முடிச்சு, கொட்டை மாதிரி ஆகியிருந்தது. லீடர் ஒரு ஊக்கை எடுத்துக்கொண்டு போனான்.

"யாரும் கைய வைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "ஊக்கும் வேணாம். அவ கையாலதான்."

தூறல் ஆரம்பித்தது. ஈரம் பட்டால் முடிச்சு இன்னும் இறுகும், அது நூலோடு பிழைக்கிற எங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும். எங்கள் பெண்களில் ஒருத்தி குடையைப் பிடித்தாள். வில்வ முள் அவிழ்க்கிறவள் மணிக்கட்டைக் கிழித்தது, ஒரு நகம் உடைந்தது. குழந்தை என் தோளில் வாயை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைக் கேட்டுப் பால் சுரந்து அவள் ரவிக்கை நனைந்தது. ஆனாலும் கல்லை விட்டு இறங்கவில்லை. நான் அவனைத் தட்டிக்கொண்டே ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முணுமுணுப்பாகத்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அருவியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. டிரைவர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"வரல அத்தை" என்றாள். நகம் உடைந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பல்லால கடிக்கலாமா?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பல்லும் உன்னுதுதானே. கடி."

கிளையை வளைத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடித்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முள் கன்னத்தில் கோடு போட்டது. ஒரு நூல் வந்தது. அப்புறம் ஒரு மடிப்பு இளகியது. அதற்குப் பிறகு விரல் உள்ளே போய்விட்டது. உருவி எடுத்து உள்ளங்கையில் வைத்து மாமியாரிடம் காட்டினாள். சுருட்டின பீடி அளவுகூட இல்லை.

அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நந்தி காலடியில் வைத்தார். கற்பூரம் நாங்கள் கொண்டுபோயிருந்ததுதான். ஏற்றினோம். கழுவாத கல்லும் வாராத முள்ளும் கிடக்க, அன்றைக்குப் பூசை அப்படித்தான் நடந்தது.

மீதி முடிச்சுகளை என்ன பண்ணுவது என்று லீடர் கேட்டான்.

"அப்படியே இருக்கட்டும். அவங்கவங்க வந்து அவுத்துக்குவாங்க. நான் சொல்லிக்கறேன். திட்டினா என்னைத்தான் திட்டுவாங்க, நீங்க போயிடுவீங்க." போகிற போக்கில் திரும்பி, "மரத்துக்குக் கெடுதல்னு சொன்னியே, அது நெசமா தம்பி?" என்று கேட்டார்.

"நெசந்தாம்மா."

"அப்ப இனிமே கட்டறவங்களத் தளர்த்திக் கட்டச் சொல்றேன். எங்களுக்கும் பல்லு மிஞ்சும்."

அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் அந்தப் பெண்ணிடம் போய், "நான்தாங்கக்கா அறுத்தது" என்றாள். அவள், "தெரியும் பாப்பா, அரிவா வெளியதான் நீட்டிக்கினு இருந்துச்சு" என்றாள்.

அறுத்த துணிகளை எல்லாம் கல்லோடு அலசி மண்டபத்தில் வரிசையாகக் காயப்போட்டோம். முள்ளை வாரி முடித்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சாம்பார் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஒரு தூக்கில் கொஞ்சம் எடுத்து மூடி, போகிற வழியில் அந்த வீட்டில் கொடுக்கலாம் என்று வேனை நிறுத்தினோம்.

கதவு திறந்தே இருந்தது. உத்தரத்தில் பழைய புடவையால் தூளி கட்டியிருந்தார்கள். உள்ளே பையன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். தூளி அவனுக்குப் பிடிக்கவேயில்லை. பாட்டி ஆட்டிக்கொண்டே, "கத்துடா, கத்து. பழகிக்குவ" என்று அவனோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒன்றும் இல்லாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எழுந்திருக்காதம்மா, சாப்பிடு" என்று தூக்கை நிலைப்படியில் வைத்துவிட்டு வந்து வேனில் ஏறினேன்.