பழைய காரில் எனக்கு இருந்த இடம்

முதலாளியின் பழைய கார் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், தரையோடு தரையாக ஓடும். உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் போவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டும். அவருடைய கரும்புக் கொல்லையில் வேலை செய்த என்னைச் சாமான் தூக்கக் கூட்டிப்போவார். தடை வந்ததும் நான் இறங்கிவிடுவேன். கனம் குறைந்து வண்டி கொஞ்சம் எழும்பும். குனிந்து பார்த்துக் கை காட்டுவேன். தாண்டியதும் கதவைத் திறந்து, "ஏறுபா" என்பார்.

டீக்கடையில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். "இன்னாடா, கார்ல போறியா, காரு கூட நடக்கிறியா?"

எனக்குக் கூச்சம் பிடுங்கும். ஆனாலும் முதலாளியின் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் போனேன். அந்த வண்டியில் வேறு இடமே கிடையாது.

போன வருடம் புது எஸ்யூவி வந்தது. கறுப்பு. ஏழு பேர் உட்காரலாம். எந்த வேகத்தடையும் அதற்கு ஒரு பொருட்டில்லை. யாரும் இறங்க வேண்டியதில்லை.

அப்போது என் மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. முதலாளியின் கொல்லை வரப்பில்தான் வழுக்கி விழுந்தாள். கட்டுப் பிரிக்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலாளியும் அன்று டவுனுக்குத்தான் புறப்பட்டார், தனியாக. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான் அன்று கேட்டேன்.

அவள் காலைப் பார்த்தார். "மாவு உதிரும்பா. கறுப்பு சீட்டு. பஸ்ல வந்துடுங்க."

அவள்தான் என்னைப் பார்த்துச் சொன்னாள். "இன்னாயா, கட்ட இங்கியே அவுத்துட்டு வர்றோம்னு சொல்லேன். அதுக்குத்தான போறோம்?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பஸ் படியில் அவளைத் தூக்கி ஏற்றினேன்.

ஐப்பசி மழையில் அந்த வண்டி கொல்லைச் சேற்றில் புதைந்தது. போன் வந்ததும் போனேன். கண்ணாடியைப் பாதி இறக்கி, "தள்ளுபா" என்றார்.

"கையெல்லாம் சேறு முதலாளி. வண்டி கெட்டுடும்."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நான் வரப்பைவிட்டு இறங்கவில்லை. சிரிப்பு நின்றது.

"இன்னாடா, திமிரா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னை டா போட்டது அன்றுதான். திரும்பி வீட்டுக்கு நடந்தேன். வேலை போகும் என்று தெரிந்தேதான் நடந்தேன். போயிற்று.

இப்போது வேறொருவர் கொல்லையில் கரும்பு வெட்டுகிறேன். அந்தக் கறுப்பு வண்டி கடந்து போகும்போதெல்லாம் உள்ளே பார்க்கிறேன். பின் சீட்டெல்லாம் காலியாகத்தான் இருக்கிறது.