பிள்ளைத்தட்டு ஞானரத்தினம்

பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு பொம்மையும் கொடுக்கும் யோசனை அயல்நாட்டுக் கம்பெனிக்காரனுக்கு மட்டும்தான் தோன்றும் என்று நினைக்கிறீர்களா?

அப்படி ஒரு கம்பெனி இருப்பதே ஞானரத்தினம் அக்காவுக்குத் தெரியாது. எண்பத்தாறில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லை ஒட்டித் தோசைக்கடை நடத்தினார். ஷிப்டு முடிந்து வரும் பெண்களோடு பிள்ளைகளும் வருவார்கள். அடுப்பைச் சுற்றி ஓடுவார்கள். ஒரு பையன் தோசைக்கல்லில் கையைச் சுட்டுக்கொண்டான். மறுநாளே மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் அட்டைக் கோன்களை வாங்கி வந்து, மூக்கும் முழியும் வரைந்து, கழிவு நூலில் சடை பின்னிப் பொம்மையாக்கினார். உள்ளங்கை அளவில் இரண்டு தோசை, கொஞ்சம் வெல்லம். பெஞ்சில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தால் பொம்மை. ஊரே அதைப் ‘பிள்ளைத்தட்டு’ என்றது.

அந்தக் கடைக்கு ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்தது. காலனி ஆட்களுக்கு வெளியே தனி டம்ளர். முன்பு கடை வைத்திருந்தவர் ஆணியில் மாட்டியது; ஞானரத்தினமும் கழற்றவில்லை. ஆனால் பொம்மைக்கூடை உள்ளே இருந்தது. பிள்ளைகளுக்கு எந்த வாசல் யாருக்கு என்று தெரியுமா? மில்லில் பஞ்சு பொறுக்கும் காலனி வேலுத்தாயின் மகள் நேராக உள்ளே வந்து, கட்டட உரிமையாளர் காளிராஜின் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சேதி கேட்டுக் காளிராஜ் வந்தார்.

“ஏம்மா, அந்தப் பிள்ளைக்கு வெளிய வச்சுக் குடுத்தா தொண்டைல எறங்காதா?”

“எறங்கும் அண்ணாச்சி. பொம்மைதான் வெளிய போமாட்டேங்கு.”

“கிண்டலா? தட்டையாவது தனியா வையி. எம்பேரனும் அதே தட்டுலயா திங்கணும்?”

“ஒங்க பேரன் அவ தட்டுல இருந்தே ஒரு தோசைய எடுத்துத் தின்னுட்டான். வயிறு வலிக்கான்னு கேட்டுப் பாருங்க.”

கடையே சிரித்தது. எந்த நுண்ணோக்கியிலும் தெரியாத கிருமி அல்லவா தீட்டு? அது பேரனை ஒன்றும் செய்யவில்லை. தாத்தாவின் முகத்தைத்தான் கறுக்க வைத்தது.

“மாசக் கடைசிக்குள்ள அந்தப் பிள்ளைய வெளிய உக்கார வையி. இல்லைன்னா நீ வெளிய போ.”

அவர் போனதும், வாசலில் நின்ற வேலுத்தாய் மெல்லச் சொன்னார்: “எங்களால ஒங்க பொழப்பு கெட வேண்டாம்க்கா. பிள்ளைய அனுப்பிருங்க.”

ஞானரத்தினத்துக்கு அந்தக் கடையைத் தவிர வேறு கதியில்லை. ஆனாலும் அவர் கண்ணை உறுத்தியது வேறு: மகள் உள்ளே உட்கார்ந்திருக்க, தாய் வெளியே நிற்கிறாள். அதை அனுமதித்தது தான்தானே? எழுந்து போய் ஆணியிலிருந்த டம்ளர்களைக் கழற்றிச் சாக்கடையில் வீசினார்.

“ஏட்டி வேலு, நீயும் உள்ள வா. தோசை ஆறுது.”

கடை போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, பல மாதம் ஈ ஓட்டினார். பிறகு கூட்டம் வந்தது. அங்கே எல்லாருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே மாதிரி டம்ளர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வாடிக்கையாளர், பம்பாயில் ஏதோ பெரிய கடையிலும் பிள்ளைகளுக்குப் பொம்மை தருவதாகச் சொல்லி, “ஒங்க யோசனையத் திருடிட்டான்க்கா” என்றார்.

“திருடட்டுமே. உள்ள எல்லாரையும் உக்கார வைக்கானா? அதைக் கேட்டுட்டு வாங்க” என்றார் ஞானரத்தினம்.

நீங்களும் கேளுங்கள். உங்கள் தெருமுனைக் கடையில் யாரையாவது நிற்கவைத்துக் கொடுத்தால், நகர்ந்து இடம் விட்டு அவரைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் காரணம் கேளுங்கள். எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள்.