கணினியில் ஒண்டுக்குடித்தனம்

ஒரு நோயாளியைப் பல் டாக்டரின் அறைக்குள் அனுப்பியதும், வரவேற்பில் இருப்பவள் மேசைமேல் இருக்கும் பிளாஸ்டர் தாடையின் வாயைத் திறந்து போனைக் கவ்வக் கொடுக்கிறாள். சின்னச் சாவிப்பலகையை இழுத்துக்கொள்கிறாள். திரையில் படமில்லை, பாட்டில்லை. கருப்பில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கருப்புத்திரை' என்றே பெயர். போன் பழுதா என்று டாக்டர் கேட்டே விட்டார்.

வரவேற்பில் உட்கார்ந்து ஆள் கூப்பிட்டது போதும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயே தீருவது என்று இருக்கிறாள். போன தடவை அந்த வேலைக்கான செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாள். சர்வர்களை இயக்கும் யூனிக்ஸைப் புத்தகத்தில் கரைத்துக் குடித்தவளுக்குத் தொட்டுப் பழக ஓர் இயந்திரம் இருந்ததில்லை. அடுத்த தேர்வு இந்த மாதக் கடைசியில். லேப்டாப்புக்கு இப்போது வழியில்லை.

அதனால் ஊரார் கணினியில் ஓர் ஓரம் தேடினாள். எங்கோ சில புண்ணியவான்கள் முன்பின் தெரியாதவர்களுக்கும் இலவசமாக ஷெல் கணக்குத் தருகிறார்கள். போனிலிருந்தே அவர்கள் கணினிக்குள் நுழைந்து கட்டளை இட்டுப் பழகலாம். ஓரிடம் இழுத்து மூடியிருந்தது. ஓரிடத்தில் இடமில்லை என்றார்கள். கடைசியில் ஒன்று கிடைத்தது.

சும்மாவா தருகிறார்கள் என்று கணவன் சந்தேகப்பட்டான்.

"ஒண்டுக்குடித்தனந்தாங்க. குழாயை நாமளே பிடிச்சுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

சொன்னவளே பிடித்துக்கொண்டாள். முடிவில்லாமல் எண்ணிக்கொண்டே போகிற நிரல் ஒன்றை ஓடவிட்டு, பல்வலியோடு வந்த பெரியவரைக் கவனிக்கப் போய்விட்டாள். அங்கே குடியிருந்த அத்தனை பேருக்கும் கணினி திணறிப்போனது. அவள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

 உட்கார்ந்து அவர்களுக்கு எழுதினாள்: தப்பு என்னுடையது, நடந்தது இது, இனி இப்படித் தடுப்பேன். பதில் இல்லை. மறுநாளும் எழுதினாள். அதற்கு மறுநாளும். வேறு இடம் பார்த்துத் தொலையேன் என்றான் கணவன். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பூட்டினவங்ககிட்டதானே சாவி இருக்கும்? கேட்டுட்டே இருப்பேன்."

இன்று காலை திறந்துவிட்டார்கள், இன்னொரு முறை என்றால் கிடையாது என்ற ஒற்றை வரியோடு. வந்த சந்தோஷத்தில் டாக்டருக்கே அவளிடமிருந்து ஒரு சிரிப்பு கிடைத்தது.

உள்ளேயிருந்து மணி அடிக்கிறது. தன் பெயரில் நிரல் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கிறாள். ஒன்றுமில்லை. கணக்கிலிருந்து வெளியேறி, தாடையை மூடிவிட்டு எழுந்து போகிறாள். பாதி தூரத்தில் நின்று, திரும்பி வந்து, தாடையைத் திறந்து, மறுபடி உள்ளே நுழைந்து பார்க்கிறாள்.

அப்புறந்தான், "அடுத்தவங்க வாங்க" என்கிறாள்.