பம்ப்காரரின் கண்ணாடிக் கல்

மூடிய சுரங்கத்திலும் தண்ணீர் இறைக்க ஒரு ஆள் வேண்டும். கல் வெட்டியவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, அந்த ஒரு ஆளாக மிஞ்சியவர் பம்ப்காரர். மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பது, ஓடாவிட்டால் திட்டுவது, மறுபடி ஓட்டுவது, வேலை அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் கல் பொறுக்குவார். ஒருமுறை சாதாரணப் படிகத்தைப் புஷ்பராகம் என்று நம்பி, உண்மை தெரியும்வரை வீட்டில் ராஜநடை நடந்தவர். அவர் மனைவி அதை இன்னும் விடவில்லை. தையல்காரி அவள், ஊசி குத்துவது கைவந்த கலை.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் அது பட்டது. சுரங்கத்தின் அடிமட்டப் பாதையில், கோடையிலும் பல் கிட்டும் குளிரில், சுவரோரம் விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குச்சிகள் தொங்கின. பனிக்கட்டி என்றுதான் முதலில் நினைத்தார். ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் வைத்தார். கரையவில்லை. ஒரு சொட்டு அமிலம் விட்டதும் குமிழ் குமிழாக நுரைத்தது. அப்படியென்றால் கார்பனேட்! தலைகால் புரியாமல் இன்னொன்றை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். சில நாளில் அது வெளுத்துப்போய்ச் சுண்ணாம்புக் கட்டியாக நின்றது.

"ஏங்க, கண்ணாடின்னு சொன்னீங்க, சாக்பீஸ் மாதிரியில்ல இருக்கு?" என்றாள் மனைவி.

தன்னிடமிருந்த கல் கையேட்டை அலசியதில் ஒரு பெயர்தான் பொருந்தியது: லான்ஸ்ஃபோர்டைட். மக்னீசியக் கார்பனேட்டோடு தண்ணீரும் சேர்ந்து உருவாகும் அபூர்வக் கல். வெதுவெதுப்பு பட்டாலே தண்ணீரை விட்டுவிட்டு வேறு கல்லாகிவிடும்.

அவர் அந்தப் பெயரைக் கண்டுபிடித்த அதே வாரம், பம்பை நிறுத்திவிட முதலாளி முடிவு செய்துவிட்டார் என்ற செய்தி வந்தது. பம்ப் நின்றால் அடிமட்டம் முழுகும், குச்சிகளும் போகும். செய்தி கொண்டுவந்த மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான்.

"மாமா, முதலாளிகிட்ட நான் பேசிப் பாக்கறேன். ஆனா வெறுங்கையோட போய் நிக்க முடியாது. இது அபூர்வக் கல்லுதான்னு மியூசியத்துல யாராவது உறுதியாச் சொல்லட்டும்."

"நான் சொன்னா போதாதா மாப்ளே?"

"புஷ்பராகம் ஞாபகம் இருக்கா மாமா?"

பம்ப்காரர் பிளாஸ்க்கைத் தேடப் போனார்.

பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, நடுவே ஒரு சின்ன டப்பாவில் புதிதாக ஒடித்த குச்சியை வைத்து, மியூசியத்துக்கு ஓடினார். அங்கே கல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் இவரைப் போல ஒரு பைத்தியம். குச்சியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எனக்கும் அதேதான் தோணுதுங்க. ஆனா தோணறதை வெச்சு உறுதி சொல்ல முடியாது. எந்தக் கல்லுன்னு காட்டற எக்ஸ்ரே மெஷின்ல பாத்தாகணும்."

மெஷின் இருந்த அறையோ வெதுவெதுப்பு. கல்லை அரைத்துத் தூளாக்கி வைப்பதற்குள் அது மாறிவிட்டது. மெஷின் வேறு கல்லின் பெயரைச் சொன்னது. இரண்டாம் முறையும் அதே கதை.

"குளிர்லயே வெச்சுப் பாக்கற கருவி ஒண்ணு கேட்டிருக்கேன். வந்ததும் கூப்பிடறேன்" என்றார் அந்த அம்மா.

"எப்ப வரும் மேடம்?"

"அது என் கையில இல்லீங்க."

அதுவரை வைத்துக் காக்கலாமென்று சில குச்சிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். மனைவியே காய்கறிகளை வெளியே எடுத்து இடம் கொடுத்தாள். ஃப்ரிட்ஜில் குளிர் இருந்தது, சுரங்கத்து ஈரம் இல்லை. அவையும் வெளுத்தன. அவள் அப்போதும் கிண்டல் செய்யவில்லை, அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஒரு காலை மைத்துனர் நேரிலேயே வந்து நின்றார். முகம் செத்துக் கிடந்தது.

"மாமா, இன்னிக்கே நிறுத்தச் சொல்லிட்டாங்க. கரண்ட் லைனைக் கழட்ட ஆளும் வந்தாச்சு. நான் கெஞ்சிக்கூடப் பாத்துட்டேன்."

யார் மீது கோபப்படுவது? மைத்துனர் மீதா, அந்த அம்மா மீதா, மெஷின் மீதா? கடைசியாக ஒருமுறை கீழே இறங்கினார். ஒரு குச்சியை ஒடிக்கக் கை நீண்டது. ஒடித்து என்ன செய்ய, வீட்டுக்குப் போனால் சாக்பீஸ்தானே? முழுகும்வரையாவது கண்ணாடியாகவே இருக்கட்டும் என்று கையை இழுத்துக்கொண்டார். மேலே வந்து ஸ்விட்சைத் தானே அணைத்தார். வேறொருவர் கை அதில் படுவதைப் பார்க்க மனம் வரவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. அந்த அம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கருவி வந்துடுச்சுங்க! ஒண்ணே ஒண்ணு போதும். ஒரு துணுக்கா இருந்தாக்கூடப் பரவாயில்லை. ஒடிச்ச கையோட பிளாஸ்க்ல போட்டுக் கொண்டாங்க."

அவர் அலமாரியில் வெளுத்து நின்ற குச்சியைப் பார்த்தார்.

"ஹலோ, கேக்குதுங்களா?"

"கேக்குது மேடம்" என்றார். "தண்ணி ஏறிடுச்சு. நான்தான் நிறுத்தினேன். கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு மேடம். ஒண்ணு ஒடிச்சு, பிளாஸ்க்ல ஐஸ் மாத்தி மாத்தி வெச்சிருக்கலாம்."