உத்தேசமாக ஒட்டிய எண்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு வெளியே யாருமில்லை. பட்டறைக்காரர்களுக்கு அவர் பென்சில் சார். லாரியோ, இரும்பு கடையும் லேத்தோ, ரொட்டி சுடும் பெரிய அடுப்போ, தொழிலுக்கென்று எதை வாங்கினாலும் வாங்குகிறவருக்கும் கடன் கொடுக்கிற கம்பெனிக்கும் நடுவில் நின்று பேசி முடித்துக் கொடுக்கிற தரகர். மிஷினின் இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதை அப்படியே எடுத்துப் பைலில் ஒட்டுவார். இந்த மிஷினை நேரில் பார்த்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. போட்டோவை வீட்டில் உட்கார்ந்தபடி யாரிடமும் வாங்கிவிடலாம், தேய்க்க வேண்டுமென்றால் போய்க் குனிந்துதான் ஆகவேண்டும் என்பார். குனிந்து குனிந்தே இடுப்பும் முழங்காலும் போயிற்று என்பது அவர் மனைவியின் கட்சி.

முப்பத்திரண்டு வருடமாக இதே வேலை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பாதி நேரம் காத்திருப்பதுதான். முதலாளி சாப்பிட்டுவிட்டு வரும்வரை பட்டறையில், மேனேஜர் மீட்டிங் முடிந்து வரும்வரை வரவேற்பறையில், கணக்கர் கையெழுத்துப் போட மனசு வைக்கும்வரை அவர் வீட்டு வாசலில். கடன் கிடைத்துவிட்டால் அது வாங்கினவரின் சாமர்த்தியம், கிடைக்காவிட்டால் தரகரின் துப்புக்கெட்டதனம். இந்த நியாயத்துக்கு அவர் எப்போதோ பழகிப்போயிருந்தார். பழக்கம் ஆகாதது களைப்பு மட்டும்தான். காலையில் எழுந்து உட்காரும்போதே, ஒரு நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

"ஊருக்கெல்லாம் மிஷின் வாங்கிக் குடுக்குறீங்க. நம்ம வீட்டுத் துணி தொவைக்கிற மிஷின் ரெண்டு வருஷமா மூலையில கெடக்குது" என்பார் மனைவி.

"அதுக்கு யாரு ஜாமீன் போடுவா?" என்பார் இவர். சிரிப்பு வராத பழைய ஜோக். இருந்தாலும் மனைவி மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்து வைப்பார்.

மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை ஓட்டிவிட்டால் போதும், பிறகு கடையைக் கட்டிவிடலாம் என்று இருந்தார். அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லேத் பட்டறைத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"சார், எம் மிஷினத் தூக்கப் போறோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. நான் ஒரு தவணைகூடத் தவறல. போன மாசம்தானே கடனே முடிஞ்சுது, நீங்கதானே லெட்டர் வாங்கிக் குடுத்தீங்க? பத்து நாள்ல வண்டி வருமாம்."

"பதறாதீங்க, பாக்குறேன்" என்றார் பென்சில் சார்.

அந்தத் தம்பிக்கு ஓர் அண்ணன். ஐந்து வருடத்துக்கு முன் இருவரும் ஒரே ஷெட்டில், ஒரே நாளில், ஒரே தயாரிப்பில் ஒரே மாதிரி லேத் இரண்டு வாங்கினார்கள். ஆளுக்கொரு கடன், இரண்டும் இவர் மூலமாகத்தான். பிறகு ஏதோ பேச்சு தடித்து, ஷெட்டின் நடுவில் தகரம் அடித்துப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி தன் மிஷினைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். அண்ணனுக்கு ஆர்டர் குறைந்து, மிஷின் தேய்ந்து, எட்டு மாதமாகத் தவணையும் நின்றுபோயிருந்தது. கடன் கம்பெனி தூக்க வேண்டியது அண்ணனுடைய லேத்தைத்தான்.

பழைய பைல்களின் நகல் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. இரண்டையும் எடுத்துவைத்துப் பார்த்தார். அண்ணன் பைலில் ஒட்டியிருந்தது தம்பி மிஷினின் எண். தம்பி பைலில் அண்ணனுடையது. காகிதப்படி பார்த்தால் தவணை கட்டாத லேத் தம்பியிடம் இருக்கிறது, கடன் முடிந்த லேத் அண்ணனிடம் இருக்கிறது. தூக்க வருகிறவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

அந்த நாள் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அது ஆறாவது இடம். முழங்கால் வீங்கியிருந்தது. இரண்டு லேத்தையும் தேய்த்து, இரண்டு தாளையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எது யாருடையது என்று மேலே எழுத வேண்டும், எழுதவில்லை. ஆபீஸ் அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தார். திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரே குடும்பம், ஒரே மிஷின், இரண்டு பேரும் கட்டத்தானே போகிறார்கள் என்று, உத்தேசமாக ஒன்றை இதிலும் ஒன்றை அதிலும் ஒட்டிவிட்டார். இதைத் தவறு என்று சொல்வதுகூட அவருக்குச் சலுகைதான். தெரிந்தே செய்த சோம்பேறித்தனம் அது.

ஒப்புக்கொண்டால் விஷயம் ஒரு கடிதத்தில் முடியும். ஆனால் கம்பெனி தன் தரகர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடும். ஒரு இடத்தில் அடித்தால் ஒரு வாரத்தில் எல்லா இடத்துக்கும் தெரிந்துவிடும். மகளின் கடைசி வருடம் கண்முன் வந்து நின்றது. தம்பி தினமும் போன் செய்தான். தினமும் "பேசிட்டிருக்கேன்" என்றார். யாரிடமும் பேசவில்லை. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நாளைக்கு நாளைக்கு என்று நான்கு நாளை ஓட்டிவிட்டார்.

ஐந்தாம் நாள், டயர் கடைக்கு மேலே இருந்த அவர் அறைக்கு அண்ணன் படியேறி வந்தார். கை முழுக்க கிரீஸ். துடைத்துவிட்டு வர நேரமில்லை போலிருந்தது.

"சார், தம்பி மிஷின்ல ஒட்டியிருக்குற நோட்டீஸ ஜன்னல் வழியாப் பாத்தேன். லோன் நம்பர் என்னுது, மிஷின் நம்பர் அவனுது. எங்கயோ மாறிப்போச்சு. என்னுதத் தூக்கச் சொல்லுங்க."

பென்சில் சார் அவரையே பார்த்தார். "நீங்க சும்மா இருந்திருந்தா உங்க மிஷின் உங்ககிட்டயே இருந்திருக்கும். அது தெரியுமா?"

"தெரியாமயா? நாலு நாளு சும்மாதான் சார் இருந்தேன்." அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தகரத்துக்கு அந்தப் பக்கம் அவன் மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால வேல பாக்க முடியல."

அண்ணன் படியிறங்கிப் போனார். எல்லாவற்றையும் இழக்கப்போகிற மனுஷன் தானே நடந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறார். தவறைச் செய்தவர் பைலை மூடிவைத்துக்கொண்டு போனில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அன்று மதியமே கம்பெனிக்குப் போனார்.

கிளை மேனேஜர் அவர் வயதில் பாதிகூட இல்லாத பெண். அவர்மேல் மரியாதை உண்டு. கடிதத்தை வாங்கிப் படித்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், 'எது யாருடையது என்று தெரியாமல் உத்தேசமாக ஒட்டினேன்'னு எழுதியிருக்கீங்க. இத நான் மேல அனுப்புனா உங்கள லிஸ்ட்லயே வெக்க மாட்டாங்க."

"தெரியும்மா."

"பைல்ல பேரு டைப் பண்ணும்போது மாறிடுச்சுன்னு போட்டுருங்களேன். அப்ப உங்ககிட்ட இருந்த டைப்பிஸ்ட்டும்தான் இப்ப இல்லையே. யாரு போய்க் கேக்கப் போறா?"

அந்த டைப்பிஸ்ட் பதினோரு வருடம் அவரிடம் வேலை பார்த்தவர். ஓர் எழுத்துப் பிசகி அடித்ததில்லை. கல்யாணமாகி வெளிநாடு போய், அவரை மறந்தும் இருப்பார். பென்சில் சாருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வரியை மாற்றினால் ஒரு வருடம் ஓடிவிடும்.

"அந்தப் பொண்ணு தப்பு பண்ணலம்மா. அப்படியே அனுப்பிருங்க" என்றார்.

தம்பியின் லேத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் மறுநாளே கிழிக்கப்பட்டது. அடுத்த வாரம் மேலிடத்துக் கடிதம் வந்தது, நாலே வரி. முப்பத்திரண்டு வருடத்துக்கு நன்றி என்று ஒரு வார்த்தையாவது போட்டிருக்கலாம். மனைவியிடம் கொடுத்தார். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "சரி, வந்து சாப்பிடுங்க" என்றார். பாத்திரம் கழுவும்போது முதுகு காட்டி நின்று அழுதார் என்று இவருக்குத் தெரியும்.

அண்ணனின் லேத்தைத் தூக்கும் நாளில் அவர் போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. போனார். தம்பி அன்று தன் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தான், பார்க்கச் சகிக்கவில்லை போலும். தரையோடு இறுக்கியிருந்த போல்ட்டுகளைக் கழற்றக் கிரேன்காரர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு போல்ட் துருப்பிடித்துத் திரும்பவே இல்லை. அண்ணன்தான் எண்ணெய் ஊற்றி, ஸ்பானர் போட்டு, தானே கழற்றிக் கொடுத்தார்.

வண்டி போனதும் இரும்புத் துருவல்களைக் கூட்டி ஒரு மூலையில் குவித்தார். பென்சில் சார் இன்னும் நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"சார், உங்களுக்கு நெறைய பட்டற பழக்கம். லேத்துக்கு ஆள் வேணும்னு எங்கயாச்சும் கேட்டா சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா இனிமே எம்பேச்சு எங்கயும் எடுபடாது. என்னயும் வெளிய அனுப்பிட்டாங்க."

அண்ணனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "எதுக்கு சார்?"

"உங்க நம்பர மாத்தி ஒட்டுனது நான்தான். சோம்பேறித்தனம்."

அண்ணன் கோபப்படுவார் என்று காத்திருந்தார். அவர் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து, தோளில் கிடந்த துணியால் துடைத்து, முன்னால் வைத்தார்.

"உக்காருங்க சார். ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

பென்சில் சார் உட்கார்ந்தார். அடுத்து எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று பழக்கத்தில் யோசித்துப் பார்த்தார். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.